இருநூறு எச்.பி.

விடியற்காலை ஐந்தரை மணிக்கே அந்த அட்டை ஆலையில் ஆட்களின் முதுகு நனைந்துவிட்டது. பழைய காகிதக் கட்டுகளைத் தோளில் சுமந்து வந்து அரவைத் தொட்டியின் ஓரம் அடுக்கினார்கள். முந்தின நாள் மழையைக் குடித்த கட்டுகள் இரண்டு மடங்கு கனத்தன. ஊறிய காகிதத்தின் புளித்த நாற்றம் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. இத்தனை பாடும் தொட்டிக்கு மேலே இருக்கும் புது மோட்டார் சுற்றுவதற்காக. அது சுற்றினால் இன்னொரு ஆளையும் பொசுக்கும் என்று கரண்டுக்காரருக்கு நிச்சயமாகத் தெரியும்.

இருபது வருடமாக அந்த ஆலையின் எலக்ட்ரீஷியன் அவர்தான். எல்லா மெஷினுக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பேனலுக்கு முன்னால் நின்றிருந்தார். உள்ளே ஒட்டுப் போட்டுவிட்டு, கரி படிந்த அதன் கதவுக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் வாசனையையும் மீறிக் கருகல் வாடை வந்தது. பன்னிரண்டு நாளுக்கு முன் இங்கேதான் அவர் மச்சான் நின்றார். மச்சான் என்றால் தங்கையின் புருஷன், தொட்டியை ஓட்டுகிறவர். உள்ளே கரண்டு பாயும் செம்புப் பட்டைகள் சூடேறி வெடித்ததில் கதவு பிய்த்துக்கொண்டு வந்தது. இப்போது இரண்டு கையும் முழங்கைவரை கட்டு. தங்கை சாப்பாடு ஊட்டிவிட்டுத்தான் கட்டிங் பிரிவுக்கு வேலைக்கு வருகிறாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பேசாததில் நியாயம் இருந்தது. அன்றைக்குப் பச்சைப் பட்டனை அழுத்திய விரல் அவருடையது.

பழைய மோட்டார் நூறு எச்.பி. அதோடு அந்தப் பேனல் சண்டை சச்சரவில்லாமல் குடும்பம் நடத்தியது. ஒரே ஒரு கட்டுப்பாடுதான். பெரிய மோட்டார் கிளம்பும்போது வேறு மெஷின் ஓடக் கூடாது. ஏன் என்று கட்டுத் தூக்கும் நெட்டையண்ணன் ஒருமுறை கேட்டார்.

"கீழ கெடக்குற கட்ட நீங்க தோள்ல ஏத்துறப்பதானே முதுகு முறியுது? ஏறிட்டா நடந்துடுறீங்க. மோட்டாரும் அப்படித்தாண்ணே. கிளம்புறப்ப பல மடங்கு இழுக்கும்."

ஆலைக்குள் கத்தினால் காதில் விழாது. ஆகவே கட்டிங், பிரஸ், பம்ப், உலர்த்தும் அறை என்று நான்கு பிரிவிலும் மெஷினை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு கை தூக்குவார்கள். நான்கு கையையும் எண்ணிவிட்டுத்தான் அவர் பட்டனைத் தொடுவார்.

பிறகுதான் முதலாளி எங்கேயோ ஏலத்தில் இருநூறு எச்.பி. மோட்டாரைப் பிடித்து வந்தார். பேனல் அதே பேனல். பிரேக்கர் ஒரு நாளைக்கு மூன்று தடவை விழுந்து கரண்டை நிறுத்தியது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அது விழுகிறது என்று சொன்னதற்கு, மேனேஜர் வெளியாளை வைத்து, பாரம் கூடினால் பிரேக்கரை விழவைக்கும் ரிலேயின் வயரையே கழற்றிவிட்டார். கரண்டுக்காரர் பார்த்தார். வேலை போய்விடுமோ என்று பயந்தார். கை தூக்கும் ஒழுங்கு இருக்கும்வரை சமாளித்துவிடலாம் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு பத்து நாள் ஓட்டினார். அந்த நினைப்பு இன்னும் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்கு முதலாளி வந்தார். பின்னால் மேனேஜர், கையில் ஒரு தாள். கூடவே அந்த வெளியாள்.

"என்னய்யா, பேனல் தாங்கும்னு ஒரு கையெழுத்துப் போட இவ்வளவு நேரமா?"

"தாங்காதுங்க. பேனல் நானூறு ஆம்ப்ஸ். மத்த மெஷினெல்லாம் நூத்தி எண்பது. இந்த மோட்டார் ஓடுறப்பவே எரநூத்தி அறுபது. கூட்டிப் பாருங்க."

"நீ என்ன பெரிய இன்ஜினியரா?"

"இன்ஜினியரா இருந்தா இதையே ஃபீஸ் குடுத்துக் கேட்டிருப்பீங்க. நான் சும்மா சொல்றேன்."

"புதுப் பேனல் என்ன விலைன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க. என் மச்சானோட ரெண்டு கை என்ன விலைன்னும் தெரியாது."

முதலாளியின் முகம் சிவந்தது. "கவனமில்லாம நின்னான், பட்டான். போலீஸ் கேஸுன்னு போனா அவன் தலையிலதான் விடியும். பாவமேன்னு சும்மா இருக்கேன். நன்றி கெட்டவனுங்க!"

"ரிலே வயரக் கழட்டுனது யாருன்னு போலீஸும் கேக்கட்டுமே."

மேனேஜர் கூரையில் ஏதோ தொங்குவதுபோல அண்ணாந்து பார்த்தார்.

"போடாட்டிப் போ. கேட் தெறந்துதான் இருக்கு," என்ற முதலாளி வெளியாளிடம் திரும்பினார். "நீ போடு மோட்டாரை."

கரண்டுக்காரர் பேனலை மறித்து நின்றார். மேனேஜர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். வெளியாள் பச்சைப் பட்டனுக்கு நேராக விரலைக் கொண்டுபோனவர், பழக்கம் தெரிந்தவர் ஆகையால், ஆலைக்குள் திரும்பிப் பார்த்தார்.

ஒரு கையும் மேலே இல்லை. நான்கு பிரிவிலும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"கையத் தூக்குங்கடா!" என்று மேனேஜர் தொண்டை கிழியக் கத்தினார். தங்கை கட்டிங் மெஷினை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேனேஜர் ஓடிப்போய் அவளுடைய சுவிட்சைத் தானே அணைத்தார். பிரஸ் பக்கம் ஓடினார். அவர் முதுகு திரும்பியதும் கட்டிங் மறுபடி ஓடியது. அவர் பம்புக்குப் போவதற்குள் பிரஸ்ஸும் உயிர் பெற்றது. இரண்டு சுற்று ஓடியதில் அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

வெளியாள் விரலை மடக்கிக்கொண்டார். "எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குங்க, முதலாளி."

"எல்லாரையும் வெளிய அனுப்பிடுவேன்! நாளைக்கு இந்தக் கேட் தெறக்காது!"

"தெறக்காட்டி வாசல்ல நிக்கிறோம்," என்று நெட்டையண்ணன் தோளிலிருந்த கட்டைத் தொப்பென்று போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "பேனல மாத்துங்க, புதுச நாங்களே தூக்கியாந்து ஏத்தித் தர்றோம்." கட்டுத் தூக்குகிற மற்றவர்களும் சுமையை இறக்கினார்கள்.

கரண்டுக்காரர் நெட்டையண்ணன் பக்கத்தில் வந்தார். "யாருண்ணே இதுக்கு ஏற்பாடு?"

"நேத்து சாயங்காலம் உன் தங்கச்சி வீடு வீடா ஏறி எறங்குச்சு. நீ கையெழுத்துப் போட மாட்டேன்னு அதுக்கு நம்பிக்கை."

முதலாளி ஃபோனில் யாரையோ கூப்பிட்டபடி வெளியே போனார். அடியாள் வரலாம், போலீஸ் வரலாம், நாளைக்குக் கேட்டில் பூட்டும் தொங்கலாம். இருநூறு எச்.பி. மோட்டார் மட்டும் அசையாமல் கிடந்தது.

தங்கை மெஷினை நிறுத்தாமலே பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"அண்ணே, மத்தியானம் வீட்டுக்கு வா. இன்னிக்கு அவருக்கு நீ ஊட்டு."