கயிற்றைத் தாண்டிய கை

அப்பாவின் சவ வண்டி எங்கள் வீட்டு முன்னால் வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு, நிற்காமல் போனது. கொரோனாவில் செத்தவருக்கு அவ்வளவுதான் அனுமதி. அயர்லாந்தில் எங்கள் லீட்ரிம் பக்கத்தில் எழவு விழுந்தால் ஊரே வீட்டுக்குள் வரும். சவத்தருகே உட்கார்ந்திருப்பவர்களின் கையை ஒவ்வொருவராகப் பிடித்துக் குலுக்கிவிட்டு, டீயும் சாண்ட்விச்சுமாக விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கும். இன்று அந்த ஊர் சாலையோரத்தில் தள்ளித் தள்ளி நின்று பார்த்துவிட்டுக் கலைந்தது.

அம்மாவுக்கும் தொற்று. நான் நர்ஸாயிற்றே, யாரும் உள்ளே வராதபடி கேட்டில் கயிறு கட்டியது நான்தான். கடைசியாக ஒரு தடவை பார்க்கட்டும் என்று அம்மாவை முகக்கவசத்தோடு வாசற்படிக்குக் கூட்டி வந்ததும் நான்தான்.

பக்கத்துப் பண்ணை ஃபின்டன் மட்டும் போகவில்லை. அப்பாவும் அவரும் வாலிபத்திலிருந்து ஒன்றாகவே திரிந்தவர்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு கயிற்றைத் தூக்கினார்.

"மாமா, அங்கேயே நில்லுங்க!"

"நிக்கிறேன்டி, நிக்கிறேன். சட்டாம்பிள்ள மாதிரி கத்தாத."

நிற்கத்தான் நினைத்தார், பாவம். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கால் தன்பாட்டுக்கு நடந்தது. கையும் பழக்கத்தில் நீண்டுவிட்டது.

"என்ன நோரா, லூக் இப்பிடிப் பண்ணிட்டுப் போயிட்டானே."

அம்மா முகக்கவசத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். இருமி இருமி அழுதாள். ஆஸ்பத்திரியில் அப்பாவின் கையைத் தொட அவளை விடவில்லை. எனக்கும் சட்டென்று பிரிக்க மனசு வரவில்லை.

பிரித்த பிறகுதான் ஃபின்டனுக்கு உறைத்தது. "டிம்ப்னா..." என்றார். அவர் மனைவிக்கு நுரையீரலில் பாதி வேலை செய்யாது.

"கை கழுவிட்டா போயிடும்ல ஓர்லா?"

"முகத்துக்கு நேரா இருமினாங்களே மாமா, அத எதால கழுவுறது? வீட்டுக்குள்ள போகாதீங்க. அத்தகிட்ட நான் போன்ல சொல்றேன்."

சொன்னபடியே வீட்டுக்குள் போகவில்லை. வயலுக்கு அந்தப் பக்கம், தன் வீட்டு முற்றத்தில் நின்ற டிராக்டருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

நான் போன் போட்டேன். அடித்தது, யாரும் எடுக்கவில்லை. டிம்ப்னா அத்தை டீக்கோப்பையோடு முற்றத்துக்கு வந்துவிட்டிருந்தாள். மூச்சு வாங்க நின்று நின்று டிராக்டரை நோக்கி நடந்தாள். நான் கேட் வரை ஓடிக் கத்தினேன். காற்று எதிர்த்து அடித்தது. போகாதே, போகாதே என்று இரண்டு கையையும் வீசினேன்.

அத்தை என்னைப் பார்த்துவிட்டாள். தலையைக் குனிந்து, எழவு வீட்டுக்குச் செய்யும் மரியாதையாக ஒரு கையை உயர்த்திக் காட்டினாள். பிறகு அதே கையால் டிராக்டரின் கதவைத் திறந்தாள்.