திருப்பி வைத்த ஷூ

வெளிநாட்டில் ஒரு காலும் இங்கே ஒரு காலுமாக நிற்பவர்களுக்கு நம் குடியிருப்போர் பட்டியலில் இடமில்லை என்று செர்பிய நாட்டுத் தலைவர் தொலைக்காட்சியில் முழங்கிய மறுவாரமே, எல்லையோர ஊரின் அல்பேனியர் தெருவில் போலீஸ் வீடு வீடாக ஏறத் தொடங்கியது. ஆள் இல்லையென்றால் பேர் போச்சு. பேர் போனால் அடையாள அட்டை போச்சு, ஓட்டுப் போச்சு, வேலையும் போச்சு. செர்பியர் தெருவிலும் பாதிப் பிள்ளைகள் வியன்னாவில்தான் இருக்கிறார்கள். அங்கே ஒரு கதவையும் யாரும் தட்டவில்லை. கேட்டால், சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானாம். கைதான் வீடு பார்த்துத் தட்டுகிறது.

அந்தத் தெருவில் இருக்கும் மெரெமேவின் தம்பி அக்ரோன் படித்தது பொறியியல். சுவிட்சர்லாந்தில் பதினோரு வருஷம் பார்த்தது குழாய் ரிப்பேர். நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் பொறியாளர் வேலை, அல்பேனியரும் மனுப் போடலாம் என்று முதல் தடவையாக அறிவிப்பு வந்ததும் ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்டான். வெள்ளிக்கிழமைக்குள் குடியிருப்புச் சான்று வேண்டும். போலீஸ் வரும்போது இல்லாமல் போய்விடுவோமோ என்று மூன்று வாரமாக அவன் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை.

புதன்கிழமை காலை மிலேன்கோ வந்தான். செர்பியன், மெரெமேவோடு ஒரே வகுப்பில் படித்தவன், அவள் அம்மா கையால் எத்தனையோ காபி குடித்தவன். அவன் போலீஸ் உடுப்புப் போட்டதிலிருந்து அவள் அவனை 'நீங்க' என்கிறாள்.

"ஆள் இருக்கானா?"

"தலை துவட்டிட்டு இருக்கான். உள்ள வந்து கண்ணால பாத்துக்குங்க. காபி குடுக்காம அனுப்பினா எங்கம்மா குழியிலேருந்து எந்திரிச்சு வந்துடும்."

சிரித்துக்கொண்டே படியில் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தான். அக்ரோனை எதிரே உட்காரவைத்து, அட்டையைப் பார்த்து, பாரத்தில் அரைப் பக்கம் எழுதினான். மெரெமேவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

கிளம்பும்போது படியில் குனிந்தவன் அப்படியே நின்றான். விருந்தாளி காலை நுழைத்து நேராக நடக்கட்டும் என்று அவன் ஷூவை மெரெமே தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். அந்தத் தெருப் பெண்களுக்கு அது தானாக வரும். பக்கத்தில் அக்ரோனின் ஷூவும் துடைத்து, தெருவைப் பார்த்து இருந்தது. அவளுடைய செருப்பு மட்டும் கழற்றிப் போட்டபடி கிடந்தது.

"வீட்டு ஆம்பளை ஷூவை யாரு திருப்பி வைப்பா, மெரெமே?"

வருஷத்துக்குப் பத்து நாள் வந்துபோன தம்பிக்குச் செய்து பழகிய கை. இன்றும் அவளைக் கேட்காமலே செய்துவிட்டது.

"பழக்க தோஷம்ங்க."

"ஆளே முன்னாடி நிக்கிறேன், நீங்க ஷூவைப் பாத்தா எழுதுவீங்க?" என்று குதித்தான் அக்ரோன்.

"விருந்தாளியும் முன்னாடிதான்டா நிப்பான். இந்தத் தெருவுல நாப்பது பேர் குறையணும்னு மேல சொல்லிருக்காங்க, எனக்கும் பொழப்பு ஓடணும். சரி, பழகின பழக்கத்துக்கு ஒண்ணு செய்யறேன். மெரெமே, நீ சொல்லு. இவன் இங்கயேதான் இருக்கப் போறானா? உன் வார்த்தையை எழுதிக்கறேன்."

ஒரே ஒரு வார்த்தைதான். அது அவளுக்கு வரவில்லை. போன மாதம் அல்பேனியர் ரொட்டிக்கடைச் சுவரில் 'அல்பேனியனுக்குச் சாவு' என்று யாரோ தாரால் எழுதிவிட்டுப் போனது கண்ணுக்குள் வந்தது. தம்பி இங்கேயே இருக்க வேண்டும் என்று ஆசை. இருந்துவிடுவானோ என்று அதைவிடப் பெரிய பயம். "இருப்பான்" என்று அவள் சொன்னபோது மிலேன்கோ 'இங்கே குடியில்லை' என்று எழுதி முடித்துப் பேனாவை மூடிக்கொண்டிருந்தான்.

அவன் போன பிறகு அக்ரோன் பாரத்தின் நகலைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தான்.

"அவனுக்குச் சொன்னது கெடக்கட்டும். எனக்குச் சொல்லு. நான் இருக்கணுமா, வேணாமா?"

மெரெமே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கையை எடுத்தாள்.

"போயிடுடா," என்றாள்.