இடப்பக்கம் வரும் பந்து

பொன்னேரி மைதானத்தில் கூட்டமே சிரித்ததை ஃபர்ஹத்தின் வாப்பா ஜலீல் மறக்கவில்லை. ஹாக்கி மட்டையின் தட்டைப் பக்கம்தான் பந்தில் படவேண்டும். அவள் பயிற்சி கொடுத்த லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண்பிள்ளைகளோ, இடப்பக்கம் வந்த பந்தையெல்லாம் மட்டையின் முதுகால் அடித்தார்கள். விசில் ஊதி ஊதி நடுவருக்கே வாய் வலித்திருக்கும்.

"நம்ம பாட்டன்மாரு கப்பல்ல சரக்கு ஏத்துனவங்க. அந்த வூட்டுப் பொண்ணு நடு மைதானத்துல நின்னு சிரிப்பு வாங்கிக்கினு வர்றா. இன்னும் ஒரு ஆட்டம் பாரு. அதுலயும் சிரிச்சாங்கன்னா உன் டீமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"சரி வாப்பா," என்றாள் ஃபர்ஹத். கெஞ்சவில்லை. சொன்ன சொல்லில் நிற்பதில் அவள் அவருக்குத் தப்பாமல் பிறந்தவள்.

மறுநாள் காலை, கெட்டி மணலில் பிள்ளைகளை வலக்கையை முதுகுக்குப் பின்னால் வைக்கச் சொன்னாள். "இடப்பக்கம் வர்ற பந்துக்கு, தட்டைப் பக்கம் படுற மாதிரி மட்டையத் திருப்பி அடிக்கறதுதான் ரிவர்ஸ். அதுல திருப்புறது இடக்கை. வலக்கை சும்மா தாங்கினா போதும்."

மற்றவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. ஜெஸ்ஸிக்கு மட்டும் கூச்சம். பந்தைச் சுற்றி ஓடி வலப்பக்கம் வாங்கப் பார்ப்பாள். அதற்குள் பந்து போய்விடும்.

"இன்னாடி, பந்துக்குப் பிரதட்சணமா?" என்றாள் கூட ஆடும் சஃபியா.

"எத்தையும் இடக்கையால குடுக்கக் கூடாதுனு அம்மா அடிச்சு வளத்துச்சு மிஸ். பாஸும் குடுக்கறதுதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபர்ஹத் சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் நேரே ஜெஸ்ஸியின் வீட்டுக்குப் போனாள்.

வாசல் மணலில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. ஜெஸ்ஸியின் வலக்கையில் காக்கை விரட்டும் குச்சி. இடக்கை மீனைப் புரட்டிக்கொண்டே போனது. மணிக்கட்டு லேசாகச் சுழலும், மீன் மறுபக்கம் விழும்.

"அது எந்தக் கைடி?"

ஜெஸ்ஸி தன் கையையே திகைத்துப் பார்த்தாள்.

"ஏன்க்கா, இதுக்கு அடிக்கலயா நீங்க?" என்று வாசலில் இருந்த அம்மாவிடம் கேட்டாள் ஃபர்ஹத்.

"செத்த மீனுக்கு இன்னா மரியாதை மிஸ்?" என்றாள் அவள் அம்மா மார்கரெட்.

"பந்துக்கும் அவ்ளோதான்க்கா."

அதன்பிறகு தினமும் மணலில் ஒரே குரல்தான்: "புரட்டு!"

ஆட்டத்தன்று ஜலீல் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் எல்லைக்கோட்டருகே விறைப்பாக நின்றார். கோலுக்கு முன்னால் பந்து ஜெஸ்ஸியின் இடப்பக்கம் வந்தது. கூட்டத்தில் யாரோ முன்கூட்டியே சிரித்தான்.

"புரட்டு!"

மட்டை திரும்பியது. பந்து பறந்தது. விசில் ஒலித்தது. மறுபடியும் மட்டையின் முதுகா என்று ஃபர்ஹத் நடுவரைப் பார்த்தாள். நடுவரின் கை மைதானத்தின் நடுவைக் காட்டியது. கோல்.

ஆனாலும் ஆட்டம் கைநழுவியது. பஸ் நிலையத்தில் பழவேற்காட்டுக்காரர் ஒருவர் ஜலீலை வம்புக்கிழுத்தார். "இன்னா பாய், உங்க பொண்ணு டீமு தோத்துடுச்சாமே?"

"தோத்தோம். ரிவர்ஸ்ல ஒரு கோல் போட்டோமே, அத்தக் கேளுய்யா."

ஃபர்ஹத் வாப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகளிடம் சொன்னாள்: "காலையில எல்லாரும் மணலுக்கு வந்துருங்க."