கூப்பிட்ட குரலுக்கு

மருந்துக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் பெயரைக் கூவி அழைப்பதுதான் அவள் வேலை. சீட்டைப் பார்ப்பாள், பெயரைச் சொல்வாள், ஆள் வந்ததும் எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்து அனுப்புவாள். டாக்டரின் கையெழுத்து எத்தனை கோணலாக இருந்தாலும் அவள் வாயில் ஒரு பெயரும் தடுக்காது. கட்டிய கணவரின் பெயர் மட்டும் கல்யாணமாகி நான்கு வருடமாகியும் ஒரு தடவைகூட வாயில் வந்ததில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். அவருக்கு 'என்னங்க'தான். அடுப்படியிலிருந்து ஒரு 'என்னங்க', குளியலறையிலிருந்து ஒரு 'என்னங்க'. யோசித்துப் பார்த்தால் அது ஒரு பெயரே இல்லை. எந்தப் பெண் வாயிலிருந்து வந்தாலும் எந்தப் புருஷனுக்கும் பொருந்தும். இதையெல்லாம் யார் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்?

அவர் லிப்ட் கம்பெனியில் இன்ஜினியர். கடைப் பெண்களுக்கு அவர் 'லிப்ட்காரர்'. நல்ல மனிதர். கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பார், சொன்ன வேலையைச் செய்வார். பேச்சுத்தான் வராது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று அவள் தங்கை கேலி செய்வாள். மௌனம் சம்மதம் என்பார்களே, அந்தக் கணக்கெல்லாம் அவரிடம் செல்லாது. அவர் மௌனம் வெறும் மௌனம்.

அவருக்கு அவள் இரண்டாம் தாரம். மூத்தவள் ஏதோ ஒரு காய்ச்சலில் பத்தே நாளில் போய்விட்டாள். அவளைப் பற்றி அவர் பேசியதில்லை, இவளும் கிளறியதில்லை. ஆனால் வீடு மூத்தவளின் வீடு. அவள் நல்ல உயரம் போலிருக்கிறது. அடுப்படி அலமாரியெல்லாம் அவள் கைக்கு எட்டுகிற மாதிரி அடித்தது. இளையவள் நான்கு வருடமாகக் குதிகாலைத் தூக்கித்தான் சர்க்கரை டப்பாவை எடுக்கிறாள். அலமாரியை இறக்கி அடிக்கலாம் என்று இரண்டு தடவை சொன்னாள். லிப்டையே இறக்குகிறவர், அலமாரியை மட்டும் இறக்கவில்லை.

இப்போது வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மருந்தகம் முழுக்க அவள் பொறுப்பு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் கம்பெனிக்கும் அந்த ஊரில் கிளை உண்டு, கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள். கூட வருவீங்களா என்று கேட்டால் பிடி கொடுக்காமல் "பாப்போம்" என்றார். அவளுக்கு வேலைகூடப் பெரிதில்லை. அந்த வீட்டை விட்டு இந்த மனிதர் தனக்காக எழுந்து வருவாரா என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் நான்கு வருடம் குடித்தனம் நடத்தியாகிவிட்டது, இனி முடியாது.

அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்த ஓர் உச்சி மாடி உணவகத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே லிப்ட் பாதியில் நின்றுபோன ஒருநாள், உள்ளே மாட்டிக்கொண்ட பெரிய மனிதர்களை அவர்களுக்கு வியர்ப்பதற்குள் இவர் வெளியே எடுத்துவிட்டார். அந்த நன்றிக்கு மேனேஜர் அவரையும் மனைவியையும் 'இருட்டு விருந்து'க்கு அழைத்திருந்தார். சன்னல், கதவு, சந்து பொந்து எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, தட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் சாப்பிட வேண்டுமாம். கண்ணை மூடினால் நாக்கு திறக்கும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வசதி வந்தால் மனுஷனுக்கு எதற்கெல்லாம் பசிக்கிறது பார் என்று அவள் நினைத்தாள். ஆனாலும் போனாள். முகம் தெரியாத இடத்திலாவது இந்த மனிதர் வாயைத் திறக்கட்டும்.

முன்னறை பளபளவென்று இருந்தது. தரையில் முகம் பார்க்கலாம். செல்போன், கைக்கடிகாரம், மினுக்குகிற எதுவானாலும் வாங்கிப் பெட்டியில் பூட்டினார்கள். உள்ளே பரிமாறுகிறவர்கள் எல்லாருமே கண் பார்வை இல்லாதவர்கள். அவர்களில் ஒரு பெண் வந்து தன் தோளில் கை வைக்கச் சொன்னாள். அவள் தோளில் இவள், இவள் தோளில் அவர் என்று ரயில் வண்டியாக நடந்தார்கள். ஒரு கனத்த திரை, ஒரு வளைவு, இன்னொரு திரை. அதற்கப்புறம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. சுற்றிலும் கரண்டிச் சத்தமும் சிரிப்பும் மட்டும் கேட்டன.

உட்கார வைத்ததும் பரிமாறும் பெண் மேஜையில் டம்ளர்களை வைத்தாள்.

"தண்ணி மூணு வச்சிருக்கேன் மேடம். கைய நீட்டினா கிடைக்கும்."

ரெண்டு பேர்தான் வந்திருக்கிறோம் என்று இவள் சொன்னாள்.

"மன்னிச்சுக்குங்க. மூணு மூச்சு கேட்டுச்சு."

பக்கத்து மேஜை நெருக்கமாக இருக்கும் என்று இவள் நினைத்துக்கொண்டாள். அந்தப் பெண் டம்ளரை எடுக்காமலே போய்விட்டாள்.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. தூரத்து மூலையில் யாரோ ஒருத்தி "என்னங்க" என்றாள். நாலைந்து இடத்திலிருந்து நாலைந்து ஆண்கள் ஒன்றாக "ம்?" என்றார்கள். கூடமே சிரித்தது. ஒருவர், நம்ம வீட்டம்மா யாருன்னு யாராவது சொல்லுங்கப்பா என்றார். இவளும் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

சூப் வந்தது. கிண்ணத்தைத் தடவிக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு குரல், மெல்ல, வெகு அருகில் கேட்டது.

"என்னங்க. சூடா இருக்கு. ஊதிக் குடிங்க."

"ம், சரி" என்றார் அவர். ஊதுகிற சத்தமும் கேட்டது.

பாவம், யார் வீட்டு உபதேசத்துக்கோ இவர் தலையாட்டுகிறார் என்று இவளுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே போய்க் கேலி செய்யலாம் என்று வைத்துக்கொண்டாள். அடுத்து மீன் வந்தது. அவருக்கு மீன் ஆகாது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை சமைத்தபோது தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அவருக்கு வேறு ஏதாவது கொண்டுவரச் சொல்லலாம் என்று இவள் வாயெடுக்கும்போதே அந்தக் குரல் மறுபடி வந்தது.

"என்னங்க. முள்ள எடுத்து வச்சிட்டேன். பயப்படாம சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். மெல்லுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சிரித்தார். நான்கு வருடத்தில் இவள் கேட்டிராத சிரிப்பு, தொண்டைக்குள்ளிருந்து வருகிற சின்னப் பையன் சிரிப்பு.

"அன்னிக்கு முள்ளு மாட்டி நான் முழிச்சது ஞாபகம் இருக்கா?" என்றார். "வாழைப்பழத்த முழுசா முழுங்குங்கன்னு நீ நெஞ்சத் தடவிவிட்டியே."

இவள் அவர் நெஞ்சைத் தடவிவிட்டதில்லை. இவள் வந்த பிறகு அவர் தொண்டையில் முள் மாட்டியதும் இல்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஆனால் இங்கே கண்ணுக்கு வேலையே இல்லையே, காது அல்லவா கேட்கிறது. எதுவானாலும் தொட்டுப் பார்த்துவிடுவோம் என்று மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டினாள். அவர் தட்டின் விளிம்பு தட்டுப்பட்டது. விளிம்பில் மீன் முட்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. அதற்கு அப்பால் விரல்கள் இருந்தன. நீளமான, ஈரமான, ஒரு பெண்ணின் விரல்கள். இவள் கை பட்டதும் அவை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளவில்லை, மரியாதையாக விலகி இடம் கொடுத்தன. வீட்டுக்காரி விருந்தாளிக்கு விடுகிற வழி அது.

இவளுக்குப் பயத்தைவிட அவமானம்தான் முதலில் வந்தது. நானா விருந்தாளி? நான்கு வருடமாகக் குதிகாலில் நின்று குடித்தனம் பண்ணிய நானா? அந்த வீறாப்பில்தான் கேட்டாள். இனி நல்ல நேரம் பார்த்துப் பயனில்லை.

"என்னங்க. திங்கக்கெழம நான் பதில் சொல்லணும். என்கூட வருவீங்களா?"

அவர் மூச்சு நின்று மறுபடி ஓடுவது கேட்டது. பதில் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது என்று இவளுக்குத் தெரிந்தது. அதற்குள் அந்தக் குரல், கோபமில்லாமல், அழுகையில்லாமல், காய்கறி விலை கேட்பது போலக் கேட்டது.

"என்னங்க. என்னை விட்டுட்டுப் போயிடுவீங்களா?"

"இல்ல" என்றார் அவர் உடனே. "உன்ன விட்டுட்டு நான் எங்க போகப் போறேன்?"

எந்த 'என்னங்க'வுக்கு அந்தப் பதில்? அதற்குமேல் இவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. இனிப்பு என்று ஏதோ வந்தது, அப்படியே கிடந்தது. மூன்றாவது டம்ளரில் தண்ணீர் குடிக்கிற சத்தம் மட்டும் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

விருந்து முடிந்து பரிமாறும் பெண் கூட்டிப்போக வந்தாள். மறுபடி ரயில் வண்டி. முன்னால் அந்தப் பெண், அடுத்து இவள், இவள் தோளில் அவர் கை. அந்தக் கையின் கனத்தை நம்பித்தான் இவள் நடந்தாள். முதல் திரை வந்தபோது பின்னாலிருந்து, அவர்கள் எழுந்து வந்த மேஜையிலிருந்து, குரல் வந்தது.

"என்னங்க."

"ம். வரேன்" என்றார். தோளிலிருந்து கை எழுந்துவிட்டது.

"என்னங்க" என்று இவளும் கூப்பிட்டாள்.

"வரேன், வரேன்" என்றது அவர் குரல், தள்ளிப் போய்க்கொண்டே. இரண்டு பக்கமும் அதே சொல். குரலில் வித்தியாசம் இருந்தாலும் அவர் அதைப் பார்க்கிற ஆளா? கூப்பிட்ட குரலுக்குப் போகிறவர்.

அப்போதுதான் இவள் அவர் பெயரைச் சொன்னாள். கடையில் கூப்பிடுவது போல, முழுசாக, எழுத்தெழுத்தாக, இனிஷியலோடு சொன்னாள். சொன்ன வேகத்தில் உடம்பு கூசியது. பக்கத்து மேஜைகளில் கரண்டிகள் நின்றன.

காலடி நின்றது, திரும்பியது. தடவிக்கொண்டே வந்து கை இவள் தோளில் விழுந்தது. இவள் அந்தக் கையை இறுகப் பிடித்துத் திரைக்குள் இழுத்தாள். வளைவில் திரும்பும்போது உள்ளேயிருந்து அவர் பெயர் மறுபடி கேட்டது. மெதுவாக, புதுச் சொல் படிக்கிற குழந்தை போல, ஒவ்வோர் எழுத்தாக. இனிஷியலோடு.

"அதான் வந்துட்டேனே" என்று அவர் இவள் காதுக்குப் பின்னால் சிரித்தார். "எதுக்கு ரெண்டு தடவ?"

இவள் இழுத்த இழுப்பில் இருவரும் வெளிச்சத்தில் வந்து விழுந்தார்கள்.

முன்னறையில் அவர் முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. விரல் நுனியில் மீன் எண்ணெய் மினுங்கியது. எங்கம்மா போனதுக்கு அப்புறம் பேர் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டதில்ல என்று வெட்கத்தோடு சொன்னார். உள்ளே யாரிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று இவள் கேட்டாள்.

"உன்கிட்டதான். வேற யாருகிட்ட?" என்று அவர் விழித்தார். "விட்டுட்டுப் போயிடுவீங்களான்னு நீதான கேட்ட? அப்பதான் எனக்கு உறைச்சுது. உன்கூட வரேன். திங்கக்கெழம சொல்லிடு."

அது நான் கேட்டதில்லை என்று இவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயில் வந்து விழுந்ததைத் துப்ப இவளுக்கு மனமில்லை. சரி என்றாள்.

சொன்னபடி அவர் வந்தார். கம்பெனியில் மாற்றல் கேட்டு வாங்கினார், வீட்டை விற்றார், முகம் சுளிக்கவில்லை. புது ஊரில், புது வீட்டில், அலமாரியை இவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் அவரே நின்று அடித்தார். இப்போது மேஜையில் பேசுகிறார். மீன் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். கேட்டதெல்லாம் இவளுக்குக் கிடைத்துவிட்டது.

கூப்பிடத்தான் முடியவில்லை. 'என்னங்க' என்று வாய் திறந்தால் குளிர் ஏறுகிறது, பெயரைச் சொல்லவும் துணிவில்லை. எது வேண்டுமானாலும் எழுந்து போய், அவர் முகத்துக்கு நேரே நின்று, தன்னை அவர் பார்த்த பிறகுதான் பேசுகிறாள். அடுப்பில் பால் பொங்கினாலும் அப்படித்தான். இது என்ன புதுப் பழக்கம் என்று அவர் சிரித்தார். பக்கத்தில் வந்து பேசினால் உங்களுக்குக் கசக்குதா என்று கேட்டு மழுப்பினாள்.

ஒரு மாலை, இவள் அடுப்படியில் இருக்கும்போது தெரு முழுக்க மின்சாரம் போனது. மழை மேகம் வேறு, சன்னலில்கூட வெளிச்சமில்லை. இவள் அசையவில்லை. பழக்க தோஷத்தில் ஒரு சொல் வந்துவிடப் போகிறதே என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது.

"இதோ வரேன்" என்றார் அவர்.

காலடிச் சத்தம் அடுப்படிப் பக்கம் வரவில்லை.