உள்ளே ஒன்றுமில்லாத கிதார்

பேராசிரியர் எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தியதில்லை. தண்ணீர்க் குழாய் மொத்த வியாபாரம். வாரம் ஒருமுறை சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, ஜாஸ் என்றால் என்ன என்று விளக்குவார். விளக்கம் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் வாசிப்பார். பட்டப்பெயர் வைத்தவள் அவரோடு கிதார் வாசிக்கும் அவள்தான். அவருக்கு அது பாராட்டாகத் தெரிந்தது. விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். வாரக் கடைசியில் ஓட்டல் கூடத்தில் வாசிக்கும் நால்வர் குழுவில் கிதார் நாற்காலி அவளுடையது. பேராசிரியரின் நால்வர். ஊரில் வேறு நால்வர் இல்லை. அதில் இடம் கிடைக்கும்வரை பல வருடம் படுக்கையறைச் சுவருக்குத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். சுவர் குறை சொல்லவில்லை. கூட வாசிக்கவுமில்லை. அதனால் அந்த நாற்காலிக்காக நிறையப் பொறுத்துக்கொண்டாள். வெளியே காட்டாமல் மனதுக்குள் ஏசிக்கொள்வாள். அதில் அவளுக்கு நல்ல பயிற்சி.

"உன் கிதார் தகர டப்பா மாதிரி இருக்கும்மா" என்றார் பேராசிரியர் ஒருநாள். "கட்டைல கம்பி கட்டி வச்ச மாதிரி. ஜாஸுக்கு ஹாலோபாடி வேணும். உள்ள ஒன்னும் இருக்கக் கூடாது. காத்து மட்டும் இருக்கணும், காத்து."

காற்றுக்கு உங்களிடம் என்ன பஞ்சம் என்று நினைத்துக்கொண்டாள். "சரி சார்" என்றாள்.

"ஓட்டல்ல புது மேடை கட்டறாங்க. திறக்கறதுக்குள்ள வாங்கிடு. இல்லேன்னா என் மருமகன் சும்மாதான் இருக்கான்."

மருமகன் சும்மா இருப்பது ஊரறிந்த விஷயம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சும்மாதான் இருந்தான்.

கிதார் கடைக்குக் கணவனோடு போனாள். யாரும் கூப்பிடாமலே பேராசிரியரும் வந்து நின்றார். கடைக்காரன் அவளைத் தாண்டிக் கணவனைப் பார்த்துச் சிரித்தான்.

"சாருக்குங்களா?"

"எனக்கு விசில்கூட வராதுப்பா. இந்த அம்மாவுக்குத்தான்."

கடைக்காரனின் சிரிப்பு ஒரு சுற்று இளைத்தது. பேராசிரியர் அதற்குள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். செர்ரிச் சிவப்பு. திருகுகளெல்லாம் தங்க முலாம்.

"இதுதான். பார்த்தாலே தெரியல?"

"பார்த்தா தெரியுது சார். கேட்டாத்தான் தெரியல" என்றாள். அன்றைக்கு வாய் கொஞ்சம் தவறிவிட்டது. அவர் கவனிக்கவில்லை. அவர் எதையும் கேட்பதில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்து, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் இல்லாமல், ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பார்த்தாள். ஒரே ஸ்வரக்கூட்டை ஒருமுறை மீட்டுவாள். அது அடங்கும்வரை காத்திருப்பாள். சிவப்பில் வார்னிஷ்தான் கேட்டது. அடுத்தது ஜலதோஷம் பிடித்ததுபோல் மூக்கால் பேசியது. இன்னொன்று நன்றாக ஆரம்பித்துப் பாதியில் எழுந்து போய்விட்டது. கடைக்காரன் கொட்டாவியை விழுங்கினான்.

கடைசியில் கைக்கு வந்தது பழுப்பும் இல்லாத கறுப்பும் இல்லாத ஒரு நிறம்.

"இருமல் மருந்து கலர்ல இருக்கே" என்றான் கணவன்.

மீட்டினாள். காதுக்கு வரும் முன்னே வயிற்றில் பட்டது. வளைந்த மேற்பலகை மூச்சு விடுவதுபோல் அதிர்ந்தது. அடித்தந்தி தன் வேலையை முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பியது. அது போன பிறகும் எஃப் வடிவத் துளைகளுக்குள் ஏதோ கொஞ்சம் தங்கியிருந்தது. கடையில் யாரை ஏளனம் செய்யவேண்டும் என்பது சிறிது நேரம் அவளுக்கு மறந்துபோனது.

"நான் சொல்லல?" என்றார் பேராசிரியர்.

அதை வாங்கி வந்தபின் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தாள். ஆம்ப் தேவைப்படவில்லை. மெதுவாக வாசித்தால்தான் அது பேசியது. அடித்து வாசித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதில் தப்புகள்கூட மரியாதையாக விழுந்தன. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"ஏய், வாசிக்கிறது நீயா?"

"இல்ல. எதிர்வீட்டு நாய்."

"அதான பார்த்தேன்" என்றவன், சட்டையை அரைகுறையாக விட்டுவிட்டு அங்கேயே நின்றான்.

ஒத்திகை பேராசிரியரின் குழாய்க் கிடங்கில். டிரம்ஸ் வாசிப்பவர் பல் டாக்டர். மயக்க ஊசி போடாமல் பிடுங்குவதுபோல் அடிப்பார். பேஸ் வாசிப்பவன் ஆறடிக்கு மேல் உயரம், அதிகம் பேசமாட்டான். தூண் என்று கூப்பிடுவார்கள். இத்தனை வருடத்தில் அவன் வாசித்தது யார் காதிலும் விழுந்ததில்லை.

பேராசிரியர் கன்னம் உப்ப ஊதினார். டாக்டர் பிடுங்கினார். கிதார் கேட்கவில்லை. ஆம்ப்பைக் கொஞ்சம் ஏற்றினாள். இன்னும் கொஞ்சம். கிதார் ஊளையிட்டது. அடுக்கி வைத்த குழாய்களெல்லாம் சேர்ந்து ஊளையிட்டன.

"நிறுத்து, நிறுத்து! ரிப்பேர் கிதாரைத் தலைல கட்டிட்டானா?"

"ரிப்பேர் இல்ல சார். வெறும் கூடு. சுத்தி இருக்கிற சத்தமெல்லாம் உள்ள போய்ச் சுத்துது. எல்லாரும் கொஞ்சம் குறைச்சு வாசிச்சா போதும்."

"குறைச்சு வாசிச்சா எனக்குக் கை வலிக்கும்" என்றார் டாக்டர்.

"ஜாஸ்னா உயிர் இருக்கணும்மா" என்றார் பேராசிரியர். குழாய் பார்சலில் இருந்து ஒரு பிடி ஸ்பாஞ்சைக் கிழித்தெடுத்தார். "இத உள்ள அடைச்சிடு. ஊளை நின்னுடும்."

அது உண்மைதான். அப்படி அடைப்பவர்கள் உண்டு. அவளுக்கும் தெரியும். நாற்காலியை நினைத்தாள். புது மேடையை நினைத்தாள். துளை வழியாக ஸ்பாஞ்சைத் துண்டு துண்டாக விரலால் தள்ளினாள். கோழிக்குத் தவிடு திணிப்பதுபோல் இருந்தது.

வாசித்தார்கள். ஊளை நின்றது. கூடவே குரலும் நின்றது. முகத்தில் தலையணையை அழுத்திக்கொண்டு பேசுவதுபோல் ஒரு சத்தம்.

"இப்பதான் சரியா இருக்கு!" என்றார் பேராசிரியர். "இதுதான் ஹாலோபாடி!"

"பழைய கிதார் மாதிரியே இருக்குக்கா" என்றான் தூண்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. பையைத் திறந்து, கண்ணாடித் திருகு எடுக்கும் இடுக்கியை வெளியே எடுத்தாள். துளைக்குள் விட்டு ஸ்பாஞ்சை ஒவ்வொன்றாக இழுத்தாள்.

"என்ன பண்றே?"

"டாக்டர் வேலைதான் சார்."

"இந்தா பாரு. நாற்காலி வேணுமா, வேணாமா?"

"மருமகனுக்குக் குடுங்க. எங்கயாவது உட்கார்ந்து சும்மா இருக்கட்டும்."

டாக்டர் இருமினார். பேராசிரியரின் முகம் குழாய் வளைவுபோல் திரும்பியது. அவள் எழுந்திருக்கவில்லை. கடைசித் துண்டும் வந்த பிறகு ஆம்ப்பை இறக்கி, காலையில் வாசிக்கும் மெதுவான மெட்டை எடுத்தாள். யாரும் கேட்கவேண்டும் என்று வாசிக்கவில்லை. சில அடிகள் போனபின் கீழ் ஸ்தாயியில் வேறொரு குரல் நடந்து வந்தது. தூண் வாசித்துக்கொண்டிருந்தான். நன்றாக வாசித்தான். இத்தனை நாள் பக்கத்தில் நின்றும் தெரியாமல் போயிற்றே என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

பேராசிரியர் சாக்ஸபோனை வாயில் வைத்தார். மெதுவாக ஊதிப் பார்த்தார். வெறும் காற்று வந்தது. பிறகு கீச் என்று ஒரு சத்தம். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுதா?" என்றார், மெட்டு முடிந்ததும்.

"முடிஞ்சுது சார்."

கிதாரைப் பெட்டியில் வைத்து மூடினாள். தூண் கதவுவரை வந்து திறந்துவிட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. வாரக் கடைசிக்கு இனி எங்கும் போகவேண்டியதில்லை. மேடையில் யாரோ உட்காருவார்கள். ஓட்டலில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. நேற்றுவரையும் அவர்களுக்குத் தெரிந்ததில்லை. அந்த நாற்காலிக்காகவா இத்தனை முறை சரி சார், சரி சார் என்று தலையாட்டினோம் என்று நினைத்தபோது கண் கரித்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெட்டி நீளமாக இருக்கிறது என்று முன்னால் இருந்தவர் முணுமுணுத்தார். அவள் நகர்த்தவில்லை.

அந்த மெட்டில் நடுவில் ஓரிடத்தில் இரண்டாம் விரல் தவறியிருந்தது. அங்கே வேறு விரல் போட்டிருக்கலாம். பெட்டியின்மேல் போட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது. அதற்கடுத்த இடமும் மாறும்போலிருந்தது. வீட்டுக்குப் போய் மீட்டிப் பார்த்தால்தான் தெரியும். இறங்கவேண்டிய நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே எழுந்துபோய்க் கதவருகே நின்றுகொண்டாள்.