மயிலாத்தாள் பெற்ற கூட்டம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. வடவள்ளியில் ஒரு பேக்கரியில் என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவள் லோகப்பிரியா. என் மனைவியின் தோழி, தனியார் கல்லூரி ஒன்றில் கணக்குப் பாடம் நடத்துகிறவள்.

"நீங்க கதையெல்லாம் எழுதறீங்களாமா. எங்கப்பா பேருக்கு நேரா என்ன எழுதப்போறாங்கன்னு தெரியுங்களா?"

தாராபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது அவள் பிறந்த வீட்டுக் குலதெய்வக் கோயில். அங்கே கும்பாபிஷேகம் வரப்போகிறது. விழா மலரில் கூட்டத்தின் வம்சாவளியை அச்சடிக்கிறார்கள். அவளுடைய அப்பா சென்னியப்பன் காலமாகிவிட்டார். அவருக்கு லோகப்பிரியா ஒரே மகள். மகன் கிடையாது. அதனால் வம்சாவளிப் படத்தில் அவர் பெயரோடு கோடு நின்றுவிடும். பக்கத்தில் 'வாரிசு இல்லை' என்று போடுவார்கள்.

"வாரிசு இல்லைன்னா, அப்ப நான் ஆருங்க?" என்று கேட்டாள்.

என் வாய் நிறையத் தேங்காய் பன் இருந்தது. அதை விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினேன். சரி, எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்தில், ஒரு மாசி மாத வெயிலில், மயிலாத்தாள் தன் தோட்டத்துக் கிணற்று மேட்டில் நின்று தூரத்தில்—'

நிற்கட்டும். அவள் எங்கே நின்றாள், எதைப் பார்த்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? லோகப்பிரியாவின் கொள்ளுத் தாத்தாவைப் பெற்றவள் என்பதைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது.

இரண்டாவது தொடக்கம்: 'பதிவு அலுவலகத்தின் தூசி படிந்த அலமாரிக்குள்—'

இதைப் படித்துவிட்டு லோகப்பிரியா சிரித்தாள். "அங்க தூசியே இல்லீங்க. ஏசி போட்டிருந்தாங்க. நகல் கேட்டு நாயா அலைய உட்டாங்க, அவ்வளவுதான்."

வம்சாவளியைச் சரிபார்க்க அவள் அலைந்து வாங்கிய பழைய நிலப் பத்திர நகலில் இருந்தது இவ்வளவுதான். மயிலாத்தாள், இன்னாருடைய மகள். அப்பாவின் நிலம் அவளுக்கு வந்தது, அவளிடமிருந்து அவளுடைய மகன்களுக்குப் போனது. அந்த மகன்கள்தான் கூட்டத்தின் இன்றைய எல்லாக் கிளைகளுக்கும் வேர். ஆனால் மலருக்காக வரைந்திருந்த படத்தில் அவர்கள் மயிலாத்தாளின் அப்பாவுக்கு நேர் மகன்களாக இருந்தார்கள். நடுவில் ஒரு தலைமுறையையே நோகாமல் கழற்றி வைத்திருந்தார்கள்.

(கொங்குக்காரர்கள் இந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்காக: கூட்டம் என்பது அப்பன் வழியில் வருவது. ஒரே கூட்டத்தார் எல்லாரும் அண்ணன் தங்கை முறை, கட்டிக்கொள்ளக் கூடாது. கல்யாணமான பெண்ணுக்குப் புருஷனுடைய கூட்டம், புருஷனுடைய கோயில். இந்தக் கதையில் நான் கூட்டத்தின் பெயரையும் சொல்லமாட்டேன், அம்மனின் பெயரையும் சொல்லமாட்டேன். அம்மன் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் ஆளையே கண்டுபிடித்துவிடுவார்கள். நான் ஊருக்குள் நடமாட வேண்டும்.)

3

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. வருஷப் பொங்கல் அன்று, மற்ற எல்லாப் பானைகளுக்கும் முன்னால், மதிலுக்கு வெளியே ஒரு சின்னப் பானையை ஏற்றுவார்கள். ஏற்றுகிறவர் கோயிலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அசலூர்ப் பொங்கல் என்று பெயர். பொங்கி வழியும்போது வேறொரு அம்மனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. லோகப்பிரியாவும் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தாள்.

கல்யாணமான வருஷம் கணவன் தீபக்கின் குலதெய்வக் கோயிலுக்குப் போனாள். பூசாரி சூடத்தைக் காட்டி அம்மனைக் கூப்பிட்டார். அதே பெயர்! அப்போது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரத்தைப் பார்த்த பிறகுதான் மண்டைக்குள் ஏதோ பொறி தட்டி, உடுமலைப்பேட்டைக்கு பஸ் ஏறினாள். அங்கே அவளுடைய அப்பாவின் அக்கா மாசாணியம்மாள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, அதுவா?" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே. "மயிலாத்தா ஒத்தப் புள்ள. நல்லண்ணன்னு ஒருத்தரு ஊட்டோட மாப்பிள்ளையா வந்தாரு. உன்ற ஊட்டுக்காரரு கூட்டந்தான். ஆம்பளை வந்துபோட்டா அவரு சாமி பட்டினி கெடக்குமா? அதுக்குத்தான் அந்தப் பானை."

"ஏனுங்கத்தை, இத்தனை நாளா ஏன் சொல்லலைங்க?"

"நீ கேக்கலையே கண்ணு. அல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

(இந்த இடத்தில் நல்லண்ணனுக்கு ஒரு பக்கம் எழுதினேன். பிறந்த ஊரை விட்டு, தன் அம்மனின் பெயரை மட்டும் மனதில் சுமந்துகொண்டு, மயிலாத்தாளின் கண்களைப் பார்த்து— வேண்டாம், கிழித்துவிட்டேன். அவர் நல்லவரா, குடிகாரரா, அவளை அடித்தாரா, எதுவும் தெரியாது. தெரியாத ஆணுக்கு நல்ல பெயர் வாங்கித் தருவது இந்தக் கதையின் வேலை இல்லை.)

4

விழாக் கமிட்டித் தலைவர் தம்பிதுரை, லோகப்பிரியாவின் பெரியப்பா மகன். கணபதியில் பம்பு கம்பெனி வைத்திருக்கிறார். அவருடைய அறைக்குப் போய் உட்கார்ந்தாள். வகுப்பில் பாடம் நடத்துகிற நிதானத்தோடு ஆரம்பித்தாள்.

"அண்ணா, கூட்டம் அப்பன் வழியிலதான் வரும்னா, நாம அல்லாரும் நல்லண்ணன் கூட்டம். அதாவது என்ற ஊட்டுக்காரரு கூட்டம். அப்ப அவரு எனக்கு அண்ணன் முறை. அண்ணியும் அதே கூட்டந்தானுங்களே. அவங்க உங்களுக்குத் தங்கச்சி ஆயிருவாங்க. உங்க பையன் கவினுக்கு நிச்சயம் பண்ணியிருக்கற புள்ளையும் அங்கதான்."

தம்பிதுரை கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"அப்படி இல்லீங்க, நாம மயிலாத்தா கூட்டந்தான்னா, மக வழியில கூட்டம் வருதுன்னு அர்த்தம். அப்ப எங்கப்பாவுக்கு வாரிசு நானு. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

இதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. கணக்கு விடை வந்துவிட்ட சந்தோஷம்.

தம்பிதுரை டீ வரவழைத்தார். "நீ சொல்றது கணக்குப்படி செரிதான் கண்ணு. எனக்கும் தெரியும், எங்கப்பா சொல்லியிருக்காரு."

"அப்புறம் என்னங்ணா?"

"தெரிஞ்சுக்கறது வேற, அச்சடிக்கறது வேற. நாளைக்கு எவனாவது படிச்சுப்போட்டு, கவினு சம்மந்தத்துல வாய வெச்சா, நீயா வந்து பதில் சொல்லுவே? ஏதோ பெரியவங்க யோசிச்சு ஒரு வழி பண்ணி வெச்சிருக்காங்க. அது மேல உக்காந்து நாம நல்லாத்தான இருக்கறோம்? டீயக் குடி அம்மணி, ஆறிப்போகுது."

அவர் குரலை உயர்த்தவே இல்லையாம். கதவு வரைக்கும் வந்து வழியனுப்பி வைத்தாராம். எங்கள் ஊர் மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ரொம்பப் பெருமையாகச் சொல்வார்கள். அந்த மரியாதையோடு கழுத்தை அறுத்தால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

5

ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். தம்பிதுரை ராத்திரியெல்லாம் தூங்காமல் புரண்டு, மலரில் லோகப்பிரியாவின் பெயரைச் சேர்க்கச் சொல்கிறார். என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அவருக்கு உடம்புக்கு ஏதாச்சுங்களா?" என்று கேட்டாள். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

இன்னொன்றில் லோகப்பிரியா கும்பாபிஷேக மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கி—

பிடுங்கவில்லை. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, தீபக்கோடும் மகள் ரித்திகாவோடும் கீழே ஜனங்களுக்கு நடுவில் நின்றாள். மலரை வாங்கிப் பிரித்தாள். 'சென்னியப்பன் – வாரிசு இல்லை.' அதை அவள் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள்.

எதிர்பார்க்காதது மதிலுக்கு வெளியே இருந்தது. அசலூர்ப் பொங்கல் வைக்கிற இடத்தில் பேவர் பிளாக் கல் பதித்து, கார் நிறுத்தக் கோடு போட்டிருந்தார்கள். இனிமேல் வெளியே அடுப்பு மூட்டக் கூடாது, அது ஆகம முறை இல்லை என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறதாம். அத்தனை காலம் ஆகம முறை யாருக்கும் நினைவு வரவில்லை.

"நான் நோண்டாம இருந்திருந்தா பானையாவது மிஞ்சியிருக்குமுங்க" என்றாள் லோகப்பிரியா. "மயிலாத்தாவ இத்தனை பேரு மறைச்சும் அழிக்க முடியலை. நான் தேடிப் போய் அழிச்சுப்போட்டேன்."

அது அவள் தவறில்லை என்று நான் சொன்னேன். சொல்லத்தானே வேண்டும்.

6

கதையை அங்கேயே முடித்து, ஒரு பத்திரிகைக்கு அனுப்பக் கவருக்குள்ளும் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் லோகப்பிரியா போன் செய்தாள்.

தீபக்கைப் பற்றி நான் இதுவரை அதிகம் எழுதவில்லை. எழுதும்படி அவன் எதுவும் செய்யாததால் அல்ல. பதிவு அலுவலகத்துக்கு லீவு போட்டுக் கூட்டிப் போனவன் அவன்தான். கும்பாபிஷேகம் முடிந்து திரும்புகையில், பல்லடம் தாண்டும் வரைக்கும் தம்பிதுரையைத் திட்டிக்கொண்டே கார் ஓட்டினான். 'உங்க ஆளுகளுக்குப் பொண்ணுன்னா அவ்வளவு எளப்பமா?' என்று கேட்டவன்.

அவனுடைய கோயிலிலும் அடுத்து ஒரு மலர் போடுகிறார்கள். அவன் குளித்துக்கொண்டிருந்தபோது அதற்கான பக்கம் அவன் போனுக்கு வந்தது, திருத்தம் இருந்தால் சொல்லும்படி. லோகப்பிரியா திறந்து பார்த்தாள். அவனே எழுதி அனுப்பிய விவரம். 'தீபக் – வாரிசு இல்லை.'

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவனிடம் நீட்டினாள். "ஏனுங்க, இது என்னங்க?"

தீபக் படித்துப் பார்த்தான். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. "எங்க கோயில்ல ஆம்பளப் பையன் இல்லாதவங்களுக்கு அப்படித்தான போடுவாங்க லோகு. அது சும்மா ஒரு வழக்கம். ரித்திகாவுக்கு நாளைக்குப் போற ஊட்டுல ஒரு கோயில் இருக்குமில்ல?"

"அப்ப எங்கண்ணனைத் திட்டுனீங்களே?"

"அது வேற. அவங்க உன்ற மனச நோகடிச்சாங்கல்ல."

அவன் குரலில் அன்புதான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை என்று லோகப்பிரியா போனில் அழுதாள். தம்பிதுரைக்காவது தான் செய்வது என்னவென்று தெரியும்.

சத்தம் கேட்டு ரித்திகா அறையிலிருந்து வந்தாள். ப்ளஸ் டூ படிக்கிற பெண். "என்னங்கம்மா, அப்பா போன்ல என்ன?" என்று கேட்டுக் கையை நீட்டினாள்.

லோகப்பிரியா இதுவரைக்கும்தான் சொன்னாள். போனைக் கொடுத்தாளா என்று கேட்டேன். "நீங்கதான எழுதறவரு, எழுதிக்குங்க" என்று வைத்துவிட்டாள்.

கவரைப் பிரித்து மறுபடியும் உட்கார்ந்தேன். கொடுத்தாள் என்று எழுதினால், உயிரோடு எதிரில் நிற்கிற அப்பனே தன்னை இல்லை என்று எழுதியதை அந்தப் பெண் படிப்பாள். கொடுக்கவில்லை என்று எழுதினால், எல்லாம் தெரிந்தும் சொல்லாமலிருக்கிற ஆட்களில் லோகப்பிரியாவும் ஒருத்தி ஆகிவிடுவாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் தீபக் அதே அன்போடு தலையைத் துவட்டிக்கொண்டிருக்கிறான்.

என்னால் முடியவில்லை, நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள். ரித்திகா கையை நீட்டியபடி நிற்கிறாள்.