விசாரணைக் குழுவின் முதல் சம்பவம்

அரசியல் வன்முறையை விசாரிக்கப் போன சட்டமன்றக் குழுவில் முதல் வன்முறையைச் செய்தவன் நான்தான். மேட்டுப்பாளையத்தில் சாப்பிட்ட இட்லி, வடை, அவற்றுக்குத் துணையாகப் போன பொங்கல் எல்லாவற்றையும், பர்லியாறு தாண்டி வந்த ஒரு வளைவில், எதிர்க்கட்சி உறுப்பினர் அர்த்தநாரியின் மடியில் சேர்ப்பித்தேன். கண்ணாடியை இறக்கத்தான் போனேன். அம்பாசிடரின் கைப்பிடி என் கையோடு கழன்று வந்துவிட்டது. என் பக்கத்து ஜன்னல் திறக்காததால் மனிதர் பக்கம் திரும்பினேன்.

எங்கள் ஊர் திருவாடானைப் பக்கம். அங்கே உயரமான இடம் என்றால் கண்மாய்க் கரை. அதில் ஏறினாலே எனக்குக் கொஞ்சம் கிறுகிறுக்கும். என்னைப் போய் நீலகிரிக்கு அனுப்பியது யார் குற்றம் என்று தனியாக ஒரு குழு போட்டு விசாரிக்கலாம்.

"வேணுமின்னே பண்ணீட்டீங்க" என்றார் அர்த்தநாரி. திருச்செங்கோட்டுக்காரர். எவ்வளவு கோபம் வந்தாலும் வாயிலிருந்து 'ங்க' போகாது.

"வேணும்னு யாராச்சும் வாந்தி எடுக்க முடியுமாய்யா?"

"உங்க கட்சியில முடியுமுங்க."

டிரைவர் காரை ஓரங்கட்டி ஓடைத் தண்ணீர் கொண்டுவந்தார். வேட்டி தேறவில்லை. அர்த்தநாரியின் பெட்டியோ குழுத் தலைவரின் காரில் முன்னாலேயே ஊட்டிக்குப் போய்விட்டது. தலைவர் ஒரு குட்டிக் கட்சியின் பெரியவர். மற்ற உறுப்பினர்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து அனுப்பியது அவர் ஏற்பாடு. ஜோடியில் ஒருவர் ஆளுங்கட்சி, ஒருவர் எதிர்க்கட்சி. ஒருவர் பொய் எழுதினால் மற்றவர் காட்டிக்கொடுப்பார் என்ற நம்பிக்கை. அதாவது அவநம்பிக்கை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. குன்னூர் பஜாரில் ஜவுளிக்கடை எல்லாம் அடைத்திருந்தது. திறந்திருந்த ஒரே துணிக்கடையில் ஸ்வெட்டர்தான் இருந்தது. அதை இடுப்புக்குக் கீழே எப்படிப் போடுவது என்று எங்கள் இரு கட்சிக்கும் தெரியவில்லை. கடைசியில் என் பையிலிருந்த மாற்று வேட்டியை நீட்டினேன். அர்த்தநாரி அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

காரணம் கரை. எங்கள் கட்சிக்கு இரட்டைப் பச்சைக் கரை, அவர்களுக்கு ஒற்றை நீலம். கரையைப் பார்க்காமல் எங்கள் ஆட்கள் ஒருவரிடம் மணிகூடக் கேட்க மாட்டார்கள்.

"கரைய உள்ள மடிச்சுக் கட்டிக்கிறனுங்க. வேற வழி?" என்றார். மடித்துத்தான் கட்டினார். ஜெகதளாவுக்கு மேலே, நாங்கள் விசாரிக்கப் போன தேயிலை எஸ்டேட்டில் காரை விட்டு இறங்கியதும் மலைக்காற்று வந்து மடிப்பை எடுத்து விரித்துக் காட்டியது.

நாங்கள் விசாரிக்க வந்த விஷயம் இதுதான். அந்த எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பஞ்சாயத்து யூனியன் தேர்தல் நடந்தது. மாரியாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண் சுயேச்சையாக நின்றாள். வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் ஒரு கும்பல் புகுந்து வாக்குப் பெட்டியைப் பறித்தது. வாக்குச்சாவடி அதிகாரியாக உட்கார்ந்திருந்த அந்தப் பள்ளி ஆசிரியை தபித்தாளின் வலது கை முறிந்தது. பெட்டி மறுநாள் தேயிலைக் காட்டில், மாரியாயி குடும்பம் இருந்த லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குக் கீழே, நசுங்கிக் கிடந்தது. போலீஸ் மாரியாயியின் புருஷன் சுடலைமுத்துவைப் பிடித்துக் குன்னூர் ஜெயிலில் வைத்துவிட்டது. பெண்டாட்டி தோற்கப் போகிறாள் என்று தெரிந்து அவனே தூக்கிவிட்டானாம். எங்கள் குழுவும் அப்படியே எழுதிவிட்டால் அவனுக்குத் தண்டனை நிச்சயம். எஸ்டேட் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும்.

பள்ளிக்கூட வாசலில் எங்கள் கட்சி ஒன்றியச் செயலாளர் நல்லசாமி மாலையோடு நின்றார். எனக்குப் போட்டுவிட்டு அர்த்தநாரியின் வேட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இன்னொரு மாலையை வாங்கி அவர் கழுத்திலும் போட்டார்.

"நம்ம கட்சிக்கு வந்ததுல ரொம்ப சந்தோசமுங்க! எப்பங்க சேந்தீங்க?"

அர்த்தநாரி மாலையைக் கழற்றுவதற்குள் அவருடைய கட்சியின் உள்ளூர்ச் செயலாளர் பவுல்ராஜ் அதைப் பார்த்துவிட்டார். கும்பிட எடுத்த கையை இறக்கி, காதைச் சொறிந்துகொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எம் பொழப்பே போச்சுங்க" என்று என் காதில் சொன்னார் அர்த்தநாரி. "சாயங்காலத்துக்குள்ள மெட்ராசுக்கு போன் போயிருமுங்க. இதுக்குத்தான அந்தப் பொங்கலத் தின்னீங்க?"

அதன் பிறகு நான் எதைத் தொட்டாலும் சந்தேகம். நல்லசாமி டீ கொடுத்தார். நான் குடித்து முடித்து உயிரோடு இருப்பதைப் பார்த்த பிறகே அர்த்தநாரி குடித்தார். எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? அவர் ஜன்னல் வழியாகப் பவுல்ராஜுக்குச் சைகை காட்டுகிறார் என்று நினைத்து எழுந்து போய்ப் பார்த்தேன். ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தோம். முதலில் நல்லசாமி.

"சுடலைமுத்துதானுங்க. பெட்டியத் தலைமேல வெச்சுக்கிட்டு, வேட்டி அவுந்தது கூடத் தெரியாம வடக்க ஓடுனானுங்க."

அடுத்து பவுல்ராஜ். அர்த்தநாரியைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துச் சொன்னார்: "சுடலைமுத்துதானுங்க. பெட்டியத் தலைமேல வெச்சுக்கிட்டு, வேட்டி அவுந்தது கூடத் தெரியாம வடக்க ஓடுனானுங்க."

நானும் அர்த்தநாரியும் அன்றைக்கு முதல் தடவையாக ஒருவரையொருவர் வேறு மாதிரி பார்த்துக்கொண்டோம். இந்த இரண்டு பேரும் கல்யாண வீட்டில்கூட ஒரே பந்தியில் உட்காராதவர்கள் என்று கலெக்டர் அனுப்பிய குறிப்பிலேயே இருந்தது. சட்டசபையில் எங்கள் இரு கட்சிக்கும் பகலா ராத்திரியா என்பதில்கூட ஒத்துப்போகாது. இங்கே திசை முதற்கொண்டு ஒத்துப்போகிறது.

பிறகு லயத்து ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் முதலில் என் வேட்டியைப் பார்த்தார்கள். பிறகு அர்த்தநாரியின் வேட்டியைப் பார்த்தார்கள். பிறகு, "நாங்க வெறகுக்குப் போயிருந்தோமுங்க" என்றார்கள். அன்றைக்கு அந்த எஸ்டேட்டே விறகுக்குப் போயிருந்தது.

மாரியாயி வந்தபோது கையில் ஒரு கம்பளிக் குல்லா இருந்தது.

"இத அவருகிட்டக் குடுக்க முடியுங்களா? ஜெயில்ல ரொம்பக் குளுருதாம்."

"கொடுக்கச் சொல்றேன்மா. உங்க வீட்டுக்காரர் பெட்டியத் தூக்கிட்டு ஓடுறப்ப வேட்டி அவுந்துருச்சுன்னு சொல்றாங்களே?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவரு தேயிலைச் செடியக் கவாத்து வெட்டுற ஆளுங்க. வெட்டுன மொட்டச் செடியில மாட்டி வேட்டி கிழிஞ்சுரும். டவுசர்தானுங்க எப்பவும். கல்யாணத்தன்னிக்கு ஒருக்கா வேட்டி கட்டுனாரு. அதும் அவரு மச்சானுது."

"அப்ப யாரும்மா தூக்குனது?"

"நான் வரிசையில தள்ளி நின்னனுங்க. தூசிதான் தெரிஞ்சுது. டீச்சரம்மாவக் கேளுங்க" என்றாள். குல்லாவை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அது சின்னதாக இருந்தது. தன் தலையில் வைத்து அளவு பார்த்துப் பின்னியிருப்பாள் போல.

தபித்தாள் டீச்சர் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூளியில் தொங்கவிட்டபடி வந்தார். உட்காரவில்லை. எங்கள் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு எதும் ஞாபகமில்லீங்க."

"கை முறிஞ்சது?"

"முறிஞ்சுதுங்க."

"எப்படி?"

"ஞாபகமில்லீங்க. ரெண்டு கட்சியிலயும் ஒவ்வொருத்தர் வருவாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு. நம்பி வந்தனுங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே கட்சி. நான் வாரனுங்க."

"ஐயோ டீச்சர், இவரு எதிர்க்கட்சிதான்!"

"கரை பச்சையாத்தானுங்க இருக்குது."

வேறு வழியில்லை. ஆளுங்கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் என்ற கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இட்லியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அர்த்தநாரி டிரைவரைக் கூப்பிட்டு டிக்கியிலிருந்து அந்த வேட்டியைக் கொண்டுவரச் சொன்னார். செய்தித்தாளில் சுற்றியிருந்த பொட்டலத்தைப் பிரித்ததும் ஒற்றை நீலக் கரை தெரிந்தது. கூடவே மற்றதும். குழுவின் முதல் சான்றுப் பொருள் எனது காலை உணவு. டீச்சர் இடது கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பிறகு அதே கையால் வாயையும் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"நெசமாவே ரெண்டு கட்சிதானுங்களா?"

"சத்தியமா."

சிரிப்பு நின்றது. "அப்ப இன்னும் பயமாத்தானுங்க இருக்குது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அர்த்தநாரிக்குப் புரிந்துவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஜன்னலை நோக்கித் தலையை அசைத்தார். வெளியே சில்வர் ஓக் மரத்தடியில் நல்லசாமியும் பவுல்ராஜும் நின்றிருந்தார்கள். தங்களை யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், ஒரே தீக்குச்சியில் இரண்டு பேரும் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேரும் சேந்துதானுங்க வந்தாங்க" என்றார் டீச்சர் மெல்ல. "ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்தாங்க. இன்னொரு கை நல்லாத்தானே இருக்குது டீச்சர்னு விசாரிச்சுட்டுப் போனாங்க."

அர்த்தநாரி எழுந்தார். "வாங்க, மொதல்ல அவங்களப் போகச் சொல்லலாம். எங்காள நான் அனுப்பறனுங்க. உங்காள நீங்க அனுப்புங்க."

அந்த இடத்தில் என் கால் கொஞ்சம் பின்வாங்கியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நல்லசாமி என் ஊர்ப் பக்கத்து மாவட்டச் செயலாளரின் மைத்துனர். கிளம்பும்போது அந்த மாவட்டச் செயலாளர் என் தோளில் கை போட்டு, "மச்சான் கவனிச்சுக்குவாப்ல, நீங்க சும்மா போயிட்டு வாங்க" என்றிருந்தார். அடுத்த தேர்தலில் எனக்கு சீட்டா, திருவாடானை பஸ் ஸ்டாண்டில் பெட்டிக்கடையா என்பது அந்தக் கையில் இருந்தது. போகும்போது மேஜை மேல் குல்லாவைப் பார்த்தேன். பார்க்காமலே போயிருக்கலாம்.

"நல்லசாமி, நீங்க கெளம்புங்க."

"ஏனுங்க? சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணியிருக்கறனுங்க. கோழி."

"என் வயித்துல எதுவும் தங்காது. கார்ல வந்தவங்களக் கேட்டுப் பாருங்க."

"மாவட்டச் செயலாளர் மாமாகிட்டச் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். பவுல்ராஜ், அர்த்தநாரியிடம் "கட்சி மாறுனவன் பேச்ச நான் கேக்கணுமா?" என்று எகிறினார். "மாறுனனோ மாறலையோ, நீ எடத்தக் காலி பண்ணு சாமி" என்றார் அர்த்தநாரி. இரண்டு செயலாளர்களும் ஆளுக்கொரு பாதையில் இறங்கினார்கள். வளைவு தாண்டியதும் ஒரே பாதையில் சேர்ந்திருப்பார்கள்.

உள்ளே டீச்சர் இப்போது உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வகுப்புப் பிள்ளை கணக்கு தப்பாகப் போட்டால் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கறனுங்க. உங்க ஆளா இருந்தாலும் எழுதுவீங்களா?"

"குற்றவாளி எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், சட்டம்..."

"நான் சட்டத்தக் கேக்கலீங்க. உங்களக் கேட்டனுங்க."

நான் மேடையில் ஒரு மணி நேரம் நிற்காமல் பேசுகிறவன். அந்த ஒரு வார்த்தைக்குப் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன்.

அர்த்தநாரி தாளை இரண்டாக மடித்து நடுவில் ஒரு கோடு போட்டு என் பக்கம் தள்ளினார். "உங்காளு பேரு வந்தா நீங்க எழுதுங்க. எங்காளு பேரு வந்தா நான் எழுதறனுங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு நேரா ஊட்டிக்குத் தலைவர்கிட்டக் கொண்டு போயிரலாம். நடுவுல எங்கியும் நிக்கறதில்ல. நீங்க முன்னாடி சீட்டுல உக்காந்துக்குங்க."

"எழுதுறேன் டீச்சர்" என்றேன்.

"சரிங்க."

"சுடலைமுத்து பெட்டியத் தூக்குனாரா?"

"இல்லீங்க."

"பின்ன யாரு?"

அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. முறிந்த கையைப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்தார்.

"மாரியாயிதான் ஜெயிக்கப் போறான்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு போச்சுங்க. ரெண்டு பேரும் ஒரே ஜீப்புல வந்தாங்க. நல்லசாமி எங் கையப் புடிச்சு முறுக்குனாரு. பவுல்ராஜ் பெட்டியத் தூக்குனாரு. சுடலைமுத்து குறுக்க விழுந்து தடுத்தாரு, அவர மிதிச்சுட்டுப் போனாங்க. நான் பாத்தனுங்க. எம் பேரு தபித்தாள். அதையும் எழுதிக்குங்க."